பன்னிரண்டாவது நேர்காணல்

நல்ல தேநீர் கிடைத்தால் எங்கள் துறைக் கூட்டங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். இன்று கிடைக்கவில்லை. அதனால் துஷாந்தன் என்ற மாணவனின் ஆய்வேட்டை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் பேசினோம். நூற்றுக்கு நாற்பது பங்கு வேறு இடத்திலிருந்து எடுத்தது என்று கணினி காட்டிக்கொடுத்துவிட்டது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏன்தான் பார்த்து எழுதுகிறார்கள் என்று தலைவர் கேட்டார். சோம்பல், இணையம், வளர்ப்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உதவி விரிவுரையாளரான நான் இருப்புக்கொள்ளாமல் இரண்டு தரம் எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினேன்.

சோம்பல் இல்லை. 2011இல் நான் இறுதி வருட மாணவி. எங்கள் ஊரான கீரியிலிருந்து பஸ் மாறி மாறி விடத்தல்தீவுக்குப் போய், போர் முடிந்து மீள்குடியேறிய பன்னிரண்டு குடும்பங்களைத் தேடினேன். தறப்பாள் கூரைக் கொட்டில்களுக்குள் வெந்து, பதினொரு நேர்காணல்களை ஒழுங்காக எழுதினேன். பன்னிரண்டாவது அன்ரோனெற் அன்ரி. மகன் பெனடிக்ற் கடைசிச் சண்டையோடு காணாமற் போனவன்.

"கூட்டிக்கொண்டு போனவை. பிறகு காணேல்லை. அவ்வளவுதான் பிள்ளை" என்றார். இன்னும் கேட்டேன். மீன் கழுவ எழும்பிப் போய்விட்டார். திரும்பி வந்து ஒன்று மட்டும் சொன்னார். "அவன்ர பேரை வடிவாப் போடு. எங்கயிருந்தாலும் ஆராவது பாப்பினம்."

மேற்பார்வையாளருக்கு ஒரு நேர்காணல் இரண்டு பக்கமாவது இருக்க வேண்டும். என்னிடம் மூன்று வரிதான் இருந்தது. ஒப்படைக்க நான்கு நாள். நூலகத்தில் எனக்கு முன் படித்த ஒருவரின் ஆய்வேடு கிடந்தது. அதில் வேறு மாவட்டத்துத் தாய் ஒருத்தி சொல்கிறாள்: சண்டை முடிந்து இரண்டு மாதத்தின் பின், தன் மகன் ஒரு பஸ்ஸில் யன்னலோரம் இருந்ததை ஊரவர் ஒருவர் கண்டாராம், அவன் கை காட்டினானாம். பெயர்களை அன்ரியின் பெயரும் பெனடிக்ற்றின் பெயருமாக மாற்றினேன். பஸ்ஸை மதவாச்சியில் நிறுத்தினேன். அந்தப் பக்கத்துக்குத்தான் மேற்பார்வையாளர் 'மிக நன்று' என்று எழுதினார். மற்றப் பதினொன்றுக்கும் ஒன்றும் எழுதவில்லை. தலைவர் கேட்டதற்கு இதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியாது.

என் பிழை அதுவல்ல. நன்றிக்காக ஒரு பிரதியை வடிவாகக் கட்டி அந்த ஊர்த் தேவாலயப் பங்குச் சுவாமியிடம் கொடுத்ததுதான் பிழை. அவர் அதை அன்ரிக்கு வாசித்துக் காட்டினார். அந்தக் கிழமைதான் அன்ரி மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைத்து, மகனின் ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்க இருந்தாராம். இரண்டையும் நிறுத்திவிட்டுக் கீரியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நான் இதைச் சொல்லேல்லைப் பிள்ளை. நீ வேற ஆரிட்டையோ கேட்டுத்தான் போட்டிருக்கிறாய். ஆர் கண்டது?"

உண்மை வாய் வரை வந்தது. பட்டம் கைக்கு வர ஒரு மாதம் இருந்தது. "சொன்ன ஆளின்ர பேரைச் சொல்லக்கூடாது அன்ரி. அது ஆராய்ச்சி ஒழுக்கம்" என்றேன். படித்த பிள்ளை சொன்னால் சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

நான்கு வருடமாகச் சிறைச்சாலை, முகாம், அரசாங்கக் கந்தோர் என்று அலைகிறார். மார்பில் கட்டி. சத்திரசிகிச்சைக்கு இரண்டு தரம் நாள் கொடுத்தும் போகவில்லை. தான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மகன் வந்தால் ஆர் கதவு திறக்கிறது என்று கேட்டார். அது அவருடைய முடிவு, நான் குறுக்கே நிற்கவில்லை.

நான் வீட்டுக்கு வரும் ஞாயிறுகளில் தேடி வருவார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது கேட்பார். வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது. ஒரு முறை, மெலிந்திருந்தானாம் என்றேன். இன்னொரு முறை, தாடி வளர்த்திருந்தானாம் என்றேன். அவர் போனபிறகு ஓரிடத்தில் இருக்க முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். இரக்கம் என்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

துஷாந்தனை ஒரு வருடம் நிறுத்துவது என்று முடிவானது. நானும் கையெழுத்து வைத்தேன். சொந்தமாக ஒரு வரி எழுதத் தெரியாத பிள்ளை.

போன ஞாயிறும் அன்ரி வந்தார். நோவில் கதிரையில் இருக்கவும் ஏலாமல், நின்றபடியே, மகன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார். நீலக் கோடு போட்டது, ஒரு கைமடிப்பு மட்டும் அவிழ்ந்திருந்ததாம் என்றேன்.

"ஓம், அவன் அப்பிடித்தான் விடுவான்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்த வரியை நான் எதையும் பார்த்து எழுதவில்லை.