அச்சடித்த விலை

ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை நான் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலைப் பற்றிய புத்தகம். பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதியது. குறைத்துக் கேட்டேன். "விலை அச்சடிச்சிருக்குண்ணே" என்றார் மதுரைக் கடைக்காரர். அதோடு விட்டுவிட்டேன். அச்சடித்ததில் பேரம் கிடையாது. வாயால் சொல்வதில் உண்டு. நாலு தலைமுறையாகப் போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிற குடும்பம் எங்களுடையது. யார் எதைச் சொன்னாலும் பாதியாக்கித்தான் காதில் போடுவோம். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் சார். மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

அன்று மதியம் நல்ல மழை. புத்தகத்தில் ரயிலை அலை மூடுகிற பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. போடிமெட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் காய் எடுக்கிற மொக்கம்மாள்.

"மொதலாளி, ஓடை வீட்டுக்குள்ள வந்துருச்சு. இடுப்பளவு தண்ணி. வெரசா ஜீப்ப அனுப்புங்க."

இடுப்பு என்றால் முழங்கால். எட்டு நாள் லீவு கேட்பாள். நாலு நாள் கொடுத்தால் சிரித்துக்கொண்டே போவாள். அப்படிப் பழகியவர்கள் நாங்கள். "பாப்போம் ஆத்தா" என்று வைத்தேன். ஜீப் வாசலில்தான் நின்றது.

அரை மணி கழித்து மறுபடி.

"ஜீப்பு வேணாம் மொதலாளி. முன்னால ஓடை, பின்னால மண்ணு சரியுது. ஸ்டோர் பூட்ட ஒடைச்சு மாடிக்கு ஏறிக்கிறோம். ஒரு வார்த்த சொல்லுங்க."

ஸ்டோர் என்பது காய் உலர்த்துகிற காங்கிரீட் கட்டடம். படிக்கட்டு உள்ளே இருக்கிறது. உள்ளே பதினோரு மூட்டை இருந்தது. சொல்லாமல் உடைக்க மாட்டாள். போன வருடம் அரைக்கிலோ காய்க்காக அவள் மருமகனைப் போலீஸில் கொடுத்தவன் நான்.

பதில் சொல்லாமல் வைத்ததைப் பார்த்து என் மனைவி கிருபாராணி கேட்டாள். "ஒடைச்சுக்கங்கன்னு சொல்லிருங்களேன். பூட்டு என்ன, தங்கமா?"

"ஜீப்புல இருந்து பூட்டுக்கு எறங்கிட்டாளா இல்லையா? இன்னுங் கொஞ்சம் பொறு, தானா எறங்குவா."

"அப்புறம் எதுக்கு அழுகுறீங்க?"

"அந்த ரயில்ல பிள்ளைக இருந்துச்சு."

பொய் இல்லை சார். தண்டவாளத்தில் அவ்வளவு பேர் மாட்டிக்கொண்டிருக்க, கையைக் கட்டிக்கொண்டு படிப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அறுபது வருடத்துக்கு முந்தைய தண்ணீர். அதற்கு எந்த ஜீப்பை அனுப்புவது?

மூன்றாவது முறை அவள் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் யாரிடமோ, "இரு, மொதலாளி சொல்லட்டும்" என்பது மட்டும் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். கேட்பது நின்றால் பேரம் படிந்தது என்று அர்த்தம். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

மறுநாள் உங்கள் ஆட்களோடு மேலே போனபோது வீடுகள் இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. ஸ்டோர் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. மாடியில் அடுக்கிய பதினோரு மூட்டையில் ஒன்றுகூட நனையவில்லை.

நான் எதையும் மறுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை; கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எண்ணிக்கையில்தான் தகராறு. அறிக்கை இன்னும் அச்சாகவில்லை என்கிறீர்கள். வாயால்தான் எட்டுப் பேர் என்கிறீர்கள்.

நான் நாலுக்கு ஒப்புக்கொள்கிறேன்.