நூற்று நாற்பத்தாறு அடுப்பு

— செருப்பை வெளியில விட்டுட்டு வரக்கூடாதா மாப்ள? ஏசி ரூமு, மொத்தமா நாறுது.

— செருப்பு வெளியிலதான் கிடக்கு அத்தான். நாறுறது இந்த டேப்பு. நேத்து சாயங்காலம் குப்பைமேட்டுல இழுத்துப் பிடிச்சு அளந்தது.

— உன்னை யாரு மறுபடியும் போகச் சொன்னது? போன வாரமே அளந்தாச்சு, வரைபடம் போட்டாச்சு. ஆளில்லா விமானம் விட்டுப் பாக்க மூணு இடம் பாத்தோம், மூணாவது முடிவாயிடுச்சு. சர்வேயர் கையெழுத்துதான் பாக்கி. ‘ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பு இல்லை.’ கீழ ஒரு கிறுக்கு. அவ்ளோதான், சிம்பிள்.

— குடியிருப்பு இருக்கே.

— எங்க இருக்கு? கதவு எண் எத்தனைன்னு படிவம் கேக்குது. அங்க ஒரு கதவுக்காவது நம்பர் உண்டா?

— கதவே இல்ல, நம்பரை எங்க அடிக்கறது? எல்லாம் தார்ப்பாய். அதான் அடுப்பை எண்ணினேன். பொறுக்கப் போனவங்க திரும்பி வந்து பத்த வைக்கற நேரமாப் பாத்துப் போனேன். நூத்தி நாப்பத்தாறு.

— அடுப்பை எண்ணினானாம்! அப்படியே உங்க அக்கா. படிவத்துல அடுப்புன்னு ஒரு கட்டம் இருக்கா, காட்டு பாப்போம். அதெல்லாம் தற்காலிகம்டா. ஒரு காத்தடிச்சா காணாமப் போயிடும்.

— ஒரு பெரியவர் இருபத்திரண்டு வருஷமா அங்க தற்காலிகமா இருக்காராம். சரி, முதல் இடத்தை ஏன் விட்டீங்க?

— ஏரிக்கரையா? நாரை கூடு கட்டியிருக்கு. முட்டை வைக்கற காலம், சத்தம் ஆகாதுன்னு வனத்துறை எழுதிட்டாங்க.

— ரெண்டாவது?

— தெரியாத மாதிரி கேக்காத. பெரிய ஐயாவோட பண்ணை வீட்டுக்குப் பக்கம். குதிரை மிரளுமாம்.

— நாரைக்குப் பேச ஆள் இருக்கு, குதிரைக்குப் பேச ஆள் இருக்கு. மனுஷன் தலைன்னா மட்டும் விழட்டும்னு விட்டுடலாமா?

— ஏன்டா விழப்போகுது? சோதனைதானே.

— விழுமா விழாதான்னு தெரியாமதானே சோதனை!

— கத்தாத, வெளியில கிளார்க் உக்காந்திருக்கான். பாரு மாப்ள, அவங்களுக்கும் நல்லதுதான். ரோடு வரும், லைட்டு வரும்...

— நீங்க அங்க போயிருக்கீங்களா?

— நான் எதுக்குப் போகணும்? மேலேருந்து எடுத்த படம் இருக்கே, இந்தா.

— இதுல எல்லாமே குப்பையாத்தான் தெரியும். கீழ ஒரு அம்மா லாரி டயர் மேல உக்காந்து மகளுக்குத் தலை வாரிட்டிருந்தாங்க. ‘எதுக்குத் தம்பி அளக்கறீங்க, எங்க பேருக்கு எழுதித் தரப்போறாங்களா?’ன்னு கேட்டாங்க. டேப்பைச் சுருட்டிட்டு வந்துட்டேன்.

— இதையெல்லாம் வீட்டுல சொல்லு, உங்க அக்கா அழுவா. இங்க பேனாவை எடு. உன்னை இந்த வேலைல சேத்து விட்டது யாரு?

— நீங்கதான். அதுக்காகத்தான் மூணு வருஷமா நீங்க நீட்டின காகிதத்துல எல்லாம் படிக்காமக்கூட போட்டேன். த்தூ, நினைச்சா என் மேலயே அருவருப்பா இருக்கு. இதுல போடமாட்டேன்.

— அதான் முடிவா?

— அதான் முடிவு. இப்பவே கேமராவோட திரும்பப் போறேன். குடும்பம் குடும்பமா படம் எடுத்து, பேரு வயசு எல்லாம் எழுதி, நேரா மேலிடத்துக்கே அனுப்பறேன்.

— அங்க போகாத மாப்ள.

— ஏன்?

— போலீஸ் நிக்குது. உன்னை உள்ள விடமாட்டாங்க.

— குப்பைமேட்டுல போலீஸுக்கு என்ன வேலை?

— முதல்ல உக்காரு. தண்ணி குடி.

— அத்தான், என்னாச்சு?

— காலைல ஏழு மணிக்கு ஒண்ணைப் பறக்க விட்டோம். உன் காகிதம் எப்படியும் வந்துடும்கற நம்பிக்கைதான். மேலிடத்துல ஒரே அவசரம். போனது போய்க்கிட்டே இருந்துச்சு, சொன்ன இடத்துல திரும்பல. விழுந்துடுச்சு.

— எங்க விழுந்துச்சு? ஆளுங்க இருந்த பக்கமா?

— அதனாலதான் நேத்து தேதி போட்டுக் கையெழுத்து கேக்கறேன்.

— எத்தனை பேரு அத்தான்?

— நீ யாருமில்லன்னு எழுதிட்டா, யாருமில்ல.