மைத்துனன் பெயரில் ஒரு மீன்

அறை சிறியது என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம், ஐயா. பழகிவிடும். கதவில் வட்டக் கண்ணாடி வைத்திருப்பதும் நல்ல யோசனைதான். உள்ளே இருப்பவனை வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் படகிலும் அப்படி ஓர் இரும்பு அறை உண்டு. ஒருவன் படுக்க மட்டும் இடம். பவளப்பாறையின் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தவனுக்கு ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக்கொள்ளும். அவனை அதில் படுக்கவைத்து, அழுத்தமாகக் காற்றைச் செலுத்தி, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். ஆழத்து மீனுக்கும் அதே வைத்தியம்தான். அதற்குச் சின்ன ஜாடி.

இருபத்திரண்டு வருடம் புது மீன் தேடினேன். கிடைத்ததெல்லாம் யாரோ முன்பே பெயர் வைத்தவை. அன்று மஞ்சள் உடம்பில் ஊதா வரி ஓடிய விரல் நீள மீனை வலைக்குள் பார்த்ததும் முகமூடிக்குள்ளேயே அழுதுவிட்டேன்.

துரத்திப் பிடித்தவன் என் மனைவியின் தம்பி. பிடித்த கையோடு காற்றுத் தீர்ந்து, அவசரமாக மேலே ஏறிவிட்டான். இரும்பு அறைக்குள் படுக்கவைக்கும்போது கைகால் மரத்திருந்தது, வாய் மரக்கவில்லை.

"மாமா, இது வளர வளர நிறம் மாறுற சாதியா இருக்கும். ஒரு மாசம் வெச்சுப் பாத்துட்டு புது மீன்னு கட்டுரை எழுதலாம். அவசரப்பட்டா நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

நல்ல பையன். எதை எப்போது சொல்வது என்றுதான் தெரியாது.

பிற்பகலில் காற்றேற்றும் இயந்திரம் நின்றுவிட்டது. நிரம்பிய சிலிண்டர் ஒன்றுதான் மிச்சம். ஜாடியின் ரப்பர் வளையமும் கசிந்தது. கரைக்கு மூன்று மணி நேரம். ஆளுக்குக் கொடுத்தால் அது கரைவரை வரும், மீனுக்குக் கொடுத்தாலும் வரும். பிரித்தால் இருவருக்கும் பயனில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறாமல் குழாயை ஜாடியில் மாட்டினேன்.

எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. ஒரு தட்டு என்றால் நலம், மூன்று என்றால் காற்று வேண்டும். அவன் மும்மூன்றாகத் தட்டினான். கதவு உள்ளிருந்து திறக்காது. கண்ணாடி வழியே சிரித்துக் கையசைத்தேன், மாமா இருக்கிறார் என்று பிள்ளைக்குத் தைரியம் வரட்டுமே. ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டினான். பிறகு அமைதியாகிவிட்டான். படகோட்டி சத்தம் கேட்டதாக உங்களிடம் சொன்னது உண்மைதான். இயந்திரத்தைத் தட்டிச் சரிபார்க்கிறேன் என்று அந்தப் படகோட்டியிடம் சொல்லியிருந்தேன்.

எங்கள் தொழிலில் புது மீனுக்குக் கண்டுபிடித்தவன் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரியாதையில்லை. அவன் பெயரை வைத்தேன். மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"என் தம்பிய சாகாம பண்ணிட்டீங்க" என்றாள்.

ஐந்தாவது வாரம் தொட்டியில் மீனின் ஊதா வரி மறைந்தது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் சாதாரண மீனாகிவிட்டது. பையன் சொன்னதுதான் சரி. வெளியே தெரிந்தால் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். அன்றே அதை ஸ்பிரிட்டில் போட்டேன். அதில் போட்டால் எந்த மீனும் வெளுத்துவிடும்.

கொலையை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கையெழுத்துப் போடுகிறேன். மீன் விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். செத்துப்போன பிள்ளைக்கு மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் பிடுங்குகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.