உப்பாத மேஸ்திரி

— மாமா, முதல்ல கீழே இறங்குங்க. கையில என்ன, கத்தியா?

— காய் நறுக்கவா மாப்ள இந்த மேட்டுல ஏறி நிக்கிறேன்? ஷீட்டுல சின்னதா ஒரு கீறல் போட்டு, காத்தை இறக்கிட்டு, மேலே ஒரு ஒட்டுப் போட்டுடுவேன். நீ பார்க்கலைன்னு வச்சுக்கோ.

— பார்க்கிறதுக்குத்தானே எனக்குச் சம்பளம். சோதிச்சுக் கையெழுத்துப் போடுற இன்ஜினியர் நான்.

— இன்ஜினியரா வந்தா மேஸ்திரின்னு கூப்பிடு. மாமான்னு கூப்பிட்டா, அக்கா புருஷன் மானத்தைக் காப்பாத்து.

— என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க.

— தெரியலையா? ஊர்க் குப்பையெல்லாம் கொட்டி நிரப்பின மேடு. அதை மூட நானே சூடு வச்சு ஒட்டின கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டு. நேத்து சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி கிடந்துச்சு. இன்னைக்குப் பார்த்தா என் தொப்பை மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது.

— உப்பினா என்ன?

— என்னவா? நான் ஒட்டினது எதுவும் இதுவரைக்கும் உப்பினதில்லை. முதலாளி யார்கிட்ட என்னைக் காட்டினாலும் 'உப்பாத மேஸ்திரி'ன்னுதான் சொல்லுவார். நானும் மலையைத் தூக்கி நிறுத்தினவன் மாதிரி மூஞ்சியை வச்சுக்குவேன். இன்னும் கொஞ்ச நேரத்துல அவர் வர்றார். இதைப் பார்த்தா அடுத்த மேடு எனக்கில்லை. ஸ்டோர்ல உட்கார்ந்து கையுறை அடுக்க வேண்டியதுதான்.

— பழைய மேட்டுல எல்லாம் ஒட்டு நல்லா இருக்கான்னு யார் சோதிச்சா?

— யார் சோதிக்கணும்? ஒட்டி முடிச்சு ரெண்டு நாள் அப்படியே விடுவோம். உப்பலைன்னா மண்ணைக் கொட்டிப் புல்லு வச்சுடுவோம். உப்பாததுதான் நல்ல ஷீட்.

— இந்தத் தடவை என்ன மாத்திச் செஞ்சீங்க?

— நீ சொன்னதைக் கேட்டேன், அதான் வினை. ஒவ்வொரு ஓரத்தையும் குழந்தைக்கு மூஞ்சி துடைக்கிற மாதிரி துடைச்சுட்டு ஒட்டச் சொன்னே. புது மெஷின் வேற கொடுத்தே. என் பழைய மெஷினா இருந்தா இப்படி ஆகியிருக்குமா?

— ஆகியிருக்காது.

— பார்த்தியா, நீயே சொல்லிட்டே.

— மாமா, அடியில குப்பை மக்குது. வாயு வருமா வராதா?

— வரும். அதுக்குத்தானே குழாய் இறக்கியிருக்கு.

— குழாய் மூடியை எப்ப திறப்போம்?

— மண்ணு போட்டு முடிச்சப்புறம்.

— அதுவரைக்கும் வாயு எங்கே போகும்?

— எங்கே போகும்... ஷீட்டுக்கு அடியிலேயே நிக்கும். ஒட்டுல ஓட்டை இல்லைன்னா... தூக்கத்தான் செய்யும்.

— ம்.

— மாப்ள, இந்தக் கத்தியைப் பிடி.

— ஏன், கீறலையா?

— அப்ப நான் உருப்படியா ஒட்டின முதல் ஷீட்டே இதுதானா?

— நான் அப்படிச் சொல்லலை மாமா.

— நீ எதுக்குச் சொல்லணும், இதுதான் ஊருக்கே தெரியிற மாதிரி எழுந்து நின்னு சொல்லுதே. இத்தனை வருஷமா சல்லடையைத் தைச்சுட்டு, அதுக்குக் கேடயமும் வாங்கி அலமாரியில வச்சிருக்கேன்.

— முதலாளி கார் வந்துடுச்சு. இந்த மேட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டுடுறேன். பழசைப் பத்தி அவர் கேட்கப் போறதில்லை.

— அவர் கேட்கலைன்னாலும் நான் சொல்லணும். அடுத்த மேடு வேற யாருக்காவது போகட்டும். பழசைத் தோண்டித் திரும்ப ஒட்ட, நாலு ஆளும் இந்த மெஷினும் கொடுத்தா போதும்.

— கொடுக்காம ஸ்டோர்ல உட்கார வச்சுட்டா?

— உட்கார்ந்துட்டுப் போறேன். அதைவிடப் பெரிய பயம் வீட்டுல இருக்கு.

— அக்காவா? அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகுது?

— அவளுக்குத்தான் மாப்ள முதல்ல புரிஞ்சிருக்கு. என் பழைய மேட்டு மேல பூங்கா போட்டாங்கல்ல, தினமும் அங்கேதான் நடக்கிறா. ஏதோ வாடை அடிக்குதுங்கன்னா. நான் ஒட்டின இடத்துல வாடையான்னு, ரெண்டு வருஷமா அவளை மூக்கு டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறேன்.