வியாழக்கிழமை அழுகை

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் வாயைத் திறந்ததுமே என் தூக்கம் கலைந்துவிட்டது.

"இன்னைக்கு எப்படியாச்சும் எம்மவன அழுக வச்சுட்டு வரணும்க்கா."

"ஏன்டி, கூர்நோக்கு இல்லத்துல கெடக்குற பிள்ளைய நீ வேற அழுக வைக்கணுமா?"

"தெனமும் அழுகுறானாம்க்கா. சோறே எறங்கலையாம். ஆனா கவுன்சிலிங் அம்மா வியாழக்கிழமை மட்டுந்தேன் வருது. அது வாரப்ப இவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான். போன வாரம் 'நல்லா இருக்கான்'னு எழுதிட்டுப் போயிருச்சு. அது கண்ணு முன்னால அழுதாத்தேன் பெரிய டாக்டர்ட்ட அனுப்புவாகளாம்."

"அதுக்கு என்ன பண்ணப் போற?"

"நம்ம நாயி செத்துப்போச்சுன்னு சொல்லப் போறேன்."

"அடிப்பாவி. அது எப்பச் செத்துச்சு?"

"வீட்டுல நல்லாத்தேன் கெடக்கு."

செம்பட்டியில் பேருந்து நின்று கிளம்பியது. அந்த அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கும் அவன் அழுகலைன்னா, அடுத்த வியாழக்கிழமை என்ன சொல்லுவ?"

"ஆட்டுக்குட்டி ஒண்ணு இருக்குக்கா. அதுக்கு அடுத்த வாரம் நாந்தேன்."