சத்தம் போடாத சாப்ட்வேர்

நிலக்கோட்டையில் பூக்கூடை ஏற்றுவதற்காகத் திண்டுக்கல் பஸ் நின்றபோது, முன் சீட்டிலிருந்து அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

“உங்களது ஒரு நாளைக்கு நாலு தடவ கத்துது. எங்களது வாயே தொறக்கல. அதான்ணே பயமா இருக்கு.”

நாய் என்றுதான் நினைத்தேன். இல்லை, கம்ப்யூட்டரில் வைரஸ் பிடிக்கிற சாப்ட்வேர். பயந்தவர் ஒரு மீசைக்காரர், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர்; இருவரும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்காரர்கள்.

கண்ணாடி போட்டவர் சொன்னார்: “பத்திரிகை அடிக்க வர்ற பார்ட்டி அம்புட்டுப் பேரும் தன் பென் டிரைவ ஒவ்வொரு பிரஸ்லயும் சொருகி ரேட்டு கேட்டுட்டுத்தான் வாரானுக. என் கடையில கத்துறது ஒன் கடையில கத்தலன்னா, ஒன்னோடது தூங்குதுய்யா.”

“வைகாசி முகூர்த்தப் பத்திரிகை பூராம் அந்தக் கம்ப்யூட்டர்லதான்ணே கெடக்கு!”

மீசைக்காரர் பதறிப்போய்ச் செல்போனில் கடையைக் கூப்பிட்டார். “ஏம்மா, அந்தச் சாப்ட்வேர் வைரஸ் எதும் பிடிச்சிருக்கான்னு லிஸ்ட்டத் தொறந்து பாரு.”

கடைசிக் கூடை ஏறும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பக்கம் பக்கமா இருக்காம்ணே! எல்லாத்தையும் பிடிச்சு அடைச்சு வச்சிருக்காம். ஃபைலு ஒண்ணும் போகல.”

“அப்பறம் ஏன்யா கத்தல?”

“கத்துறதுக்கு ஸ்பீக்கர் வேணும்ல. கிறிஸ்மஸ் குடிலுக்குப் பாட்டுப் போடணும்னு ஒரு ஆளு கழட்டிட்டுப் போனாரு.”

கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாளைக்குக் குடுத்து விடுறேன்ப்பா,” என்றார்.