மூன்றாம் சரணம்

— இல்லை அண்ணை, பிழை மைக்கிலைதான்.

— நிவேதனா, இது எத்தினையாவது மைக்?

— மூண்டாவது.

— மூண்டு மைக்குக்கும் மூண்டு வருத்தமோ?

— நக்கலை விட்டிட்டு இந்த ஹெட்போனைப் போடுங்கோ. இது போன மாதம் பாடின முதலாவது சரணம்.

— ம். நல்லாத்தான் கிடக்கு. காதுக்குக் கிட்ட இருந்து பாடுற மாதிரி.

— இப்ப இதைக் கேளுங்கோ. இண்டைக்கு மத்தியானம் பாடின மூண்டாவது சரணம்.

— ஐயோ. கிணத்துக்குள்ளை விழுந்திட்டியோ?

— அதைத்தானே சொல்லுறன். அதே அறை, அதே குரல். ரெண்டு சரணம் போன மாதமே முடிஞ்சுது. மிச்சம் இந்த ஒண்டுதான். ரேடியோவுக்கு அனுப்ப ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள்.

— இண்டைக்கு வெள்ளி.

— தெரியும். அதுக்குத்தான் தபால் கந்தோரிலை அரைநாள் லீவு போட்டிட்டு நிக்கிறன். மத்தியானத்துக்குப் பிறகு ஒருத்தருக்கும் முத்திரை விக்கேல்லை.

— எனக்கெண்டால் ரெண்டும் உன்ரை குரல்தான். அனுப்பிவிடு.

— இப்பிடி அனுப்பமாட்டன். நாலு வருசமா நானே எழுதி, நானே மெட்டுப் போட்ட பாட்டு.

— அப்ப ஸ்ரூடியோவுக்குப் போ.

— ஒருக்காப் போனனான். என்ரை குரலை மெஷினிலை போட்டு நேராக்கித் தந்தாங்கள். அம்மாவே கேட்டிட்டு, ஆர் பிள்ளை பாடுறது எண்டவ. வீட்டிலைதான் பதியிறது எண்டு அண்டைக்கு முடிவெடுத்தது. மாத்தமாட்டன்.

— மைக்கை மட்டும் மாத்துவாய்.

— முதல் வாங்கினது கண்டென்சர். அது எல்லாத்தையும் பிடிக்கும். நாய் குலைச்சால் நாய், பக்கத்து வீட்டு மோட்டர் போட்டால் மோட்டர். அதைக் குடுத்திட்டு டைனமிக் எடுத்தன். அது வாய்க்கு முன்னாலை வாறதை மட்டும்தான் பிடிக்கும். ஆனா அதிலை குரல் சப்பெண்டு கிடந்துது. அதையும் குடுத்திட்டு இது.

— உந்த ரெண்டு ஓட்டைப் பெட்டி?

— இன்ரர்ஃபேஸ். மைக்கையும் கொம்பியூட்டரையும் இணைக்கிறது.

— ஒரு வாய்க்கு ஏன் ரெண்டு ஓட்டை?

— மற்றது கிற்றாருக்கு.

— கொம்பியூட்டருக்குள்ளையும் என்னவோ மாத்தினாய்.

— சொஃப்ட்வெயார். முதல் இலவசமாக் கிடைக்கிறதிலை பதிஞ்சனான். பிறகு காசு குடுத்து வேறை ஒண்டு எடுத்தன். அதிலை நூறு பட்டன். இப்ப திரும்ப இலவசத்துக்கு வந்திட்டன்.

— சுத்திச் சுத்திச் சுப்பற்றை கொல்லைக்குள்ளை.

— கடைக்காரத் தனோஜனுக்கு எடுக்கிறன். ஸ்பீக்கரிலை போடுறன், நீங்கள் கதையாதேங்கோ. ஹலோ, தனோஜன்? நான் இணுவில் நிவேதனா.

— ஓம் அக்கா. மைக் மாத்தவோ?

— நான் அனுப்பின ரெண்டையும் கேட்டனீங்களோ?

— கேட்டனான். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அது மைக் இல்லை அக்கா, அறை.

— அதே அறைதான் தம்பி.

— அறையிலையிருந்து ஏதேனும் எடுத்தனீங்களோ? மெத்தை, திரைச்சீலை?

— ஒண்டுமில்லை. ஒரு மேசை, ஒரு கதிரை. அண்டைக்கும் அதுதான், இண்டைக்கும் அதுதான்.

— மேலை?

— மேலை ஓடுதான். அண்டைக்கு வெங்காயம் தொங்கினது.

— என்னக்கா?

— அண்ணையின்ரை விதை வெங்காயம். பிடி பிடியாக் கட்டித் தூக்கியிருந்தது.

— எவ்வளவு?

— அண்ணை, எவ்வளவு?

— என்னைக் கதைக்க வேண்டாம் எண்டாய்.

— சொல்லுங்கோ!

— முன்னூறு பிடி. முந்தநாள் இறக்கினது.

— அக்கா, எதிரொலியைக் குடிக்க ஆக்கள் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டுகினம். உங்களுக்கு அந்த வேலையை வெங்காயம் செய்திருக்கு. நீங்கள் வாங்கின ஒரு மைக்கிலையும் பிழையில்லை.

— ஒண்டிலையுமோ?

— ஒண்டிலையும் இல்லை. முதல் எடுத்த மைக் இன்னும் கடையிலைதான் கிடக்கு. அதெண்டால் பழைய சரணங்களோடை ஒத்துப்போகும். குடுத்துவிடவோ?

— வேண்டாம். இனி ஒண்டும் மாத்தேல்லை. மூண்டு சரணத்தையும் இதிலையே முதலிலையிருந்து பாடுறன். வைக்கிறன் தம்பி.

— மூண்டையுமோ?

— ஓம். வெங்காயத்தைத் திரும்பத் தூக்குங்கோ அண்ணை.

— உனக்கென்ன விசரே? பிடியெல்லாம் அவிட்டு, தாள் வெட்டி, மூட்டை கட்டியாச்சு. நாளைக்கு விடிய எட்டுப் பொம்பிளையள் நடுகைக்கு வருகினம்.

— இறக்க முதல் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.

— வெங்காயம் பக்கப்பாட்டுப் பாடினது எண்டு எனக்கு ஆர் சொன்னது?

— மூட்டையள் எங்கை?

— விறாந்தையிலை. பன்னிரண்டு.

— அதுகளை உள்ளுக்குக் கொண்டுவருவம். என்னைச் சுத்தி அடுக்கிவிடுங்கோ.

— ஒண்டு அம்பது கிலோ, பிள்ளை.

— நான் ஒரு பக்கம் பிடிக்கிறன்.

— அஞ்சு மணிக்குக் கோயில் ஸ்பீக்கர் துவங்கும். இப்பவே மூண்டரை.

— ஒண்டரை மணித்தியாலம் கிடக்கு. பிடியுங்கோ.

— மெல்ல. நிலையிலை இடிக்காதை. முழங்காலை மடிச்சுத் தூக்கு. முத்திரை ஒட்டுற கையாலை உது ஏலாது.

— ஏலும். அடுத்தது.

— ஆறாச்சு. மூச்சு வாங்கு.

— பிறகு வாங்கிறன். அடுத்தது.

— பாட மூச்சு வேணுமெல்லே?

— எட்டு. கையை ஒருக்காத் தட்டுங்கோ.

— தட்டியாச்சு.

— சத்தம் திரும்பி வருகுது. இன்னும் காணாது. மிச்ச நாலையும் எனக்குப் பின்னாலை வையுங்கோ.

— இந்தா. ராசாத்தி இப்ப கோட்டைக்குள்ளை.

— இப்ப தட்டுங்கோ.

— ம்.

— கேட்டியளோ? திரும்பி வரேல்லை. கதவைச் சாத்திப்போட்டு வெளியிலை நில்லுங்கோ. மோட்டர் போடவேண்டாம் எண்டு பக்கத்து வீட்டிலையும் சொல்லிவிடுங்கோ.

— சரி, சரி. பாடு.

— நில்லுங்கோ அண்ணை. இந்தச் சாக்கின்ரை வாயாலை பச்சையா என்ன நீட்டிக்கொண்டு நிக்குது?

— முளை.

— இவ்வளவு முளைக்கலாமோ?

— கூடாது. போன கிழமையே நட்டிருக்கவேணும்.

— ஏன் நடேல்லை? மழையும் இல்லையே.

— பிடி இறக்கிறதெண்டால் இந்த அறையிலை ரெண்டு நாள் தூசியும் சத்தமும். இண்டைக்குப் பாடி முடிப்பாய், நாளைக்குப் பாடி முடிப்பாய் எண்டு ஒன்பது நாள் பாத்துக்கொண்டு இருந்தன். நீ மைக் மாத்தத் தனோஜன்ரை கடைக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தாய்.